ஓ.எச். எந்தக் கார்பனில் இருக்கிறது? ஆல்கஹால்களின் பெயரும் வகையும் ஆக்சிஜனேற்றமும்

ரசத்துக்கு வறுக்கும் மல்லி விதையின் வாசனையில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுடையது. தலைவலித் தைலம் தடவியதும் நெற்றியில் சில்லென்று பரவுவது மென்தால். ரோஜாவின் மணத்தில் ஜெரானியாலுக்கு முக்கிய இடம் உண்டு. மூன்றுமே ஆல்கஹால்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்து நாம் கவலைப்படும் கொலஸ்ட்ராலும் ஓர் ஆல்கஹால்தான். அதன் பெயர் 'ஆல்' என்று முடிவதற்குக் காரணம் அதுவே.

பிளஸ் டூ மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒன்றைக் கவனிக்கிறேன். பெயரிடும் விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்ற வகைகளைத் தனியாக. ஆக்சிஜனேற்ற வினைகளை இன்னும் தனியாக. மூன்று சுமைகள். ஆனால் ஒரே ஒரு கார்பனை உற்றுப் பார்க்கப் பழகிவிட்டால் மூன்றும் ஒன்றாகக் கைக்கு வந்துவிடும். அந்தக் கார்பனைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லின் கதை. ஆல்கஹால் என்பது அரபி மொழியின் 'அல்-குஹ்ல்' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் கண்ணுக்கு இடும் மை, நாம் அஞ்சனம் என்று சொல்வது. அஞ்சனக்கல்லை மிக மெல்லிய பொடியாக்குவதைக் குறித்த சொல், ஐரோப்பாவுக்குப் போய் எந்தப் பொருளிலிருந்தும் பிரித்தெடுக்கும் நுண்ணிய சாரத்துக்கு ஆகி, கடைசியில் திராட்சை ரசத்தை வடித்தெடுக்கும் சாரத்தில் நிலைத்துவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் இதையே அற்ககோல் என்று எழுதுகிறார்கள். இரண்டில் எதைப் படித்திருந்தாலும் வேதியியல் ஒன்றுதான்.

சரி, ஆல்கஹால் என்றால் என்ன? கார்பனுக்கு நான்கு கைகள். அவற்றில் ஒன்று, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஜோடியைப் பிடித்திருந்தால் அது ஆல்கஹால். அந்த ஜோடிக்கு ஹைட்ராக்சில் தொகுதி என்று பெயர். இங்கே சுருக்கமாக ஓ.எச். என்று சொல்லிக்கொள்வோம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஓ.எச்.-ஐப் பிடித்திருக்கும் கார்பனின் நான்கு கைகளும் நான்கு தனித்தனி ஒற்றைப் பிணைப்புகளாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால், கிராம்பில் உள்ள யூஜினால் இரண்டும் 'ஆல்' என்று முடிகின்றன, இரண்டிலும் ஓ.எச். இருக்கிறது. ஆனால் அது ஆறு கார்பன்கள் சேர்ந்த பென்சீன் வளையத்துக் கார்பனில் நேராக ஒட்டியிருக்கிறது; அந்தக் கார்பனின் பிணைப்புகள் எல்லாமே ஒற்றைப் பிணைப்புகள் அல்ல. அதனால் அவை ஃபீனால்கள். அவற்றின் குணம் வேறு, பாடமும் வேறு. பெயரின் வாலைப் பார்த்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது.

இந்தச் சின்ன ஜோடி ஒரு மூலக்கூறை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு ஒரே ஒரு ஒப்பீடு போதும். எத்தனாலில் கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் ஆறு, ஆக்சிஜன் ஒன்று. டைமெத்தில் ஈதரிலும் அப்படியே, ஓர் அணு கூடுதல் குறைவு இல்லை. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். டைமெத்தில் ஈதரோ சுழியத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதாவது நம் ஊர் வெயிலில் அது வாயு. எத்தனாலில் ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைக் கையில் வைத்திருப்பதால், ஒரு மூலக்கூறின் ஓ.எச். பக்கத்து மூலக்கூறின் ஓ.எச்.-ஐ இழுத்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஈதரில் ஆக்சிஜன் இரண்டு கார்பன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பிடி இல்லை.

இப்போது வகைப்படுத்துவோம். ஓ.எச். இருக்கும் கார்பனில் விரலை வையுங்கள். அதன் நான்கு கைகளில் ஒன்று ஓ.எச்.-க்குப் போய்விட்டது, மீதி மூன்று. அந்த மூன்றில் எத்தனை கைகள் வேறு கார்பன்களைப் பிடித்திருக்கின்றன? ஒன்று என்றால் ஓரிணைய ஆல்கஹால். இரண்டு என்றால் ஈரிணைய ஆல்கஹால். மூன்று என்றால் மூவிணைய ஆல்கஹால். ஒரு கார்பன்கூட இல்லாத மெத்தனாலையும் ஓரிணைய வகையோடுதான் சேர்ப்பார்கள்.

ஜெரானியால் ஓரிணையம், மென்தால் ஈரிணையம், லினலூல் மூவிணையம். ரோஜாவும் தைலமும் மல்லியுமாக மூன்று வகைகளும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

இதையே தலைகீழாகவும் எண்ணலாம். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். அந்தக் கார்பனில் மீதி இருக்கும் ஹைட்ரஜன்கள் எத்தனை? ஓரிணையத்தில் இரண்டு, ஈரிணையத்தில் ஒன்று, மூவிணையத்தில் ஒன்றுமில்லை. இந்த எண்ணிக்கையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஆக்சிஜனேற்றம் வரும்போது எல்லாம் இதை வைத்துத்தான்.

அடுத்தது பெயர். ஐ.யு.பி.ஏ.சி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த முறையில், பெயர் என்பது மூலக்கூறின் முகவரி. ஓ.எச். இருக்கும் கார்பனை உள்ளடக்கிய மிக நீண்ட கார்பன் சங்கிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒரு கார்பன் என்றால் மீத்தேன், இரண்டு என்றால் ஈத்தேன், மூன்று புரப்பேன், நான்கு பியூட்டேன். அந்தப் பெயரின் வாலில் 'ஆல்' சேர்த்தால் மெத்தனால், எத்தனால். இரண்டு கார்பன்களுக்கு மேல் போனால் ஓ.எச். எந்தக் கார்பனில் என்ற கேள்வி வரும். அப்போது எண் கொடுக்க வேண்டும். ஓ.எச். எந்த முனைக்குப் பக்கமோ அந்த முனையிலிருந்து எண்ண வேண்டும்.

மூன்று கார்பன்களில் ஓ.எச். ஓரத்தில் இருந்தால் புரப்பன்-1-ஆல். நடுவில் இருந்தால் புரப்பன்-2-ஆல். ஊசி போடும் முன் கையில் தேய்க்கும் பஞ்சில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். புட்டியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் என்ற பழைய பெயர் இருக்கும். பழைய புத்தகங்களில் இதை 2-புரப்பனால் என்றும் பார்ப்பீர்கள். எண்ணை, அது எதைக் குறிக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே எழுது என்று 1993-இல் வந்த பரிந்துரைக்குப் பிறகு எண் 'ஆல்'-க்கு முன்னால் நகர்ந்துவிட்டது. எனக்கு இந்த மாற்றத்தில் முழு உடன்பாடு. 'ஆல்' எங்கே என்று கேட்டால் விடை அதன் தோளிலேயே இருக்கிறது.

கிளைகள் இருந்தால் அவை பெயரின் முன்னால் வரும்: மெத்தில், எத்தில் என்று, அவற்றுக்குரிய எண்ணோடு. இங்கே ஒரு சந்தேகம் எழும். வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் கிளைக்குச் சிறிய எண் கிடைக்கிறது, இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஓ.எச்.-க்குச் சிறிய எண் கிடைக்கிறது, எதை எடுப்பது? ஓ.எச்.-ஐத்தான். கிளைக்கும், குளோரின் போன்ற ஹாலஜன்களுக்கும், இரட்டைப் பிணைப்புக்கும் மேலே ஓ.எச்.-க்கு மரியாதை உண்டு. ஆனால் அதற்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜனேற்றத்தில் நாம் சந்திக்கப்போகும் கீட்டோன், ஆல்டிஹைடு, கார்பாக்சிலிக் அமிலம் ஆகியவற்றில் ஒன்று அதே மூலக்கூறில் இருந்தால், பெயரின் வால் அதற்குப் போய்விடும். ஓ.எச். 'ஹைட்ராக்சி' என்று முன்வரிசைக்கு வந்துவிடும். தயிரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலம் இப்படித்தான் 2-ஹைட்ராக்சிபுரப்பனாயிக் அமிலம் ஆகிறது.

விதிகளைச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு குடும்பத்தை முழுதாகப் பார்ப்பது நல்லது. நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இதை வைத்து எத்தனை ஆல்கஹால்கள் கட்டலாம்? ஒரு தாளை எடுத்து நீங்களே வரைந்து பாருங்கள். நான்குதான் வரும்.

நான்கு கார்பன்களும் ஒரே வரிசையில், ஓ.எச். ஓரத்தில்: பியூட்டன்-1-ஆல். ஓ.எச். இருக்கும் கார்பன் ஒரே ஒரு கார்பனைத் தொடுகிறது, ஆகவே ஓரிணையம். அதே வரிசையில் ஓ.எச்.-ஐ ஒரு படி உள்ளே தள்ளினால் பியூட்டன்-2-ஆல். இரண்டு பக்கமும் கார்பன்கள், ஆகவே ஈரிணையம். இன்னொரு படி தள்ளினால் பியூட்டன்-3-ஆல் வருமே என்று சிலர் எழுதிவிடுவார்கள். மறுமுனையிலிருந்து எண்ணிப் பாருங்கள், பழைய பியூட்டன்-2-ஆலேதான்.

இனி வரிசையை மூன்று கார்பன்களாகச் சுருக்கி, நடுக்கார்பனில் ஒரு மெத்தில் கிளையை ஒட்டுவோம். ஓ.எச்.-ஐ ஓரக் கார்பனில் வைத்தால் 2-மெத்தில்புரப்பன்-1-ஆல். நடுக்கார்பனில், கிளை இருக்கும் இடத்திலேயே வைத்தால் 2-மெத்தில்புரப்பன்-2-ஆல்.

இந்தக் கடைசி இரண்டில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். 2-மெத்தில்புரப்பன்-1-ஆலைப் பார்த்ததும், கிளை இருக்கிறது, அதனால் மூவிணையம் என்று எழுதிவிடுகிறார்கள். கிளை எங்கோ இருக்கட்டும். விரலை ஓ.எச். இருக்கும் கார்பனில் வையுங்கள். அது ஓரத்துக் கார்பன், ஒரே ஒரு கார்பனைத்தான் தொடுகிறது. ஓரிணையம்தான். 2-மெத்தில்புரப்பன்-2-ஆலில் ஓ.எச். இருக்கும் கார்பனைச் சுற்றி மூன்று கார்பன்கள். அதுதான் மூவிணையம்.

ஒரே அணுக்கள், ஆனால் நான்கு ஆட்கள். பியூட்டன்-1-ஆல் ஏறக்குறைய 118 டிகிரியில் கொதிக்கும், 2-மெத்தில்புரப்பன்-2-ஆல் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொள்ளும். உருண்டையானவற்றுக்கு அந்த ஒட்டு குறைவு. அப்புறம், உருண்டையாக இருப்பதால் படிகமாக அடுக்குவது எளிது. அதனால் இந்த மூவிணைய ஆல்கஹால் சுமார் 25 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் அதன் புட்டியைத் திறந்தால் உள்ளே கட்டியாக இருக்கும்.

இப்போது ஆக்சிஜனேற்றம். கரிம வேதியியலில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: ஒரு கார்பன் ஆக்சிஜனைப் பெற்றாலோ ஹைட்ரஜனை இழந்தாலோ அது ஆக்சிஜனேற்றம். ஆல்கஹாலில் நடப்பது இது. ஓ.எச்.-இல் உள்ள ஹைட்ரஜன் போகிறது. அதோடு, அந்த ஓ.எச்.-ஐப் பிடித்திருக்கும் கார்பனிலிருந்தும் ஒரு ஹைட்ரஜன் போகிறது. கார்பனுக்கு ஒரு கை காலி, ஆக்சிஜனுக்கும் ஒரு கை காலி. இரண்டும் கை கோத்துக்கொண்டு இரட்டைப் பிணைப்பாகின்றன. இப்படி இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்-ஆக்சிஜன் ஜோடிக்குக் கார்பனைல் என்று பெயர்.

இதிலேயே எல்லா விடைகளும் இருக்கின்றன. கொடுக்க அந்தக் கார்பனிடம் ஒரு ஹைட்ரஜனாவது வேண்டும்.

மூவிணைய ஆல்கஹாலிடம் அது இல்லை. கொடுக்க எதுவும் இல்லாததால் வினை நடப்பதில்லை. கடுமையான நிலையில் வற்புறுத்தினால் கார்பன்-கார்பன் பிணைப்புகளே உடைந்து மூலக்கூறு சிதறும், அது வேறு கதை.

ஈரிணையத்திடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்ததும் கீட்டோன் ஆகிறது, அதோடு கணக்கு முடிந்தது. கார்பனைல் கார்பனின் இரு பக்கமும் கார்பன்கள், இனிக் கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. பியூட்டன்-2-ஆல் பியூட்டனோன் ஆகி நிற்கும். புரப்பன்-2-ஆல் அசிட்டோன் ஆகி நிற்கும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் மணம் நினைவிருந்தால் அதுதான் அசிட்டோன். மென்தால் மென்தோன் ஆகும்.

ஓரிணையத்திடம் இரண்டு ஹைட்ரஜன்கள். ஒன்றைக் கொடுத்தால் ஆல்டிஹைடு. இன்னும் ஒன்று மிச்சம் இருப்பதால் ஆல்டிஹைடு அங்கேயே நிற்காமல் கார்பாக்சிலிக் அமிலம் வரை போகும். பியூட்டன்-1-ஆல் முதலில் பியூட்டனால் என்ற ஆல்டிஹைடு ஆகி, பிறகு பியூட்டனாயிக் அமிலம் ஆகும். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் இந்த அமிலத்தால் வருவது. ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுத்தில் ஆல்கஹாலின் 'ஆல்' விகுதியும் ஆல்டிஹைடின் 'ஆல்' விகுதியும் ஒன்றுபோலத் தெரியும். பியூட்டன்-1-ஆல் என்று நடுவில் எண் வந்தால் ஆல்கஹால், எண் இல்லாமல் பியூட்டனால் என்று வந்தால் ஆல்டிஹைடு என்று பிரித்துப் படியுங்கள். ஆல்டிஹைடு எப்போதும் முதல் கார்பனில்தான் இருக்க முடியும் என்பதால் அதற்கு எண் தேவைப்படுவதில்லை. மெத்தனால், எத்தனால் என்ற இரண்டு பெயர்களில் இந்த உதவியும் கிடையாது. அதனால் இந்தக் கட்டுரையில் அவற்றின் ஆல்டிஹைடுகளைப் பழைய பெயர்களால் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு என்றே சொல்கிறேன்.

பனங்கள் புளிப்பது ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம் என்ற இந்த ஏணியை நம் ஊரில் எல்லோரும் பார்க்கும்படி காட்டும். பனஞ்சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாக மாற்றினால் கள். அதை இன்னும் திறந்து வைத்தால் காற்றில் வரும் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா எத்தனாலைப் படிப்படியாக அசிட்டிக் அமிலமாக்கும். அதுதான் காடி. இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வினாகிரி எடுப்பது இந்த வழியில்தான். பாக்டீரியாவுக்கு இதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். மூடி இறுக்கிவிட்டால் காடி ஆவது நின்றுபோகும்.

ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்குப் பதில் ஓர் ஆக்சிஜனேற்றி. பள்ளிகளில் அதிகம் புழங்குவது நீர்த்த சல்பியூரிக் அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட். அதன் நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றியதும் ஆறு என்ற ஆக்சிஜனேற்ற எண்ணில் இருந்த குரோமியம் மூன்றுக்கு இறங்கி, கரைசல் பச்சையாகிவிடும். நாம் பார்த்த நான்கு கார்பன் ஆல்கஹால்கள் நான்கையும் நான்கு சோதனைக்குழாய்களில் எடுத்து இதில் சில துளிகள் விட்டுச் சூடாக்கினால் மூன்று பச்சையாகும், ஒன்று மட்டும் ஆரஞ்சாகவே இருக்கும். அது 2-மெத்தில்புரப்பன்-2-ஆல். கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறதா இல்லையா என்பதை நிறம் வந்து சொல்லிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஓரிணையமா ஈரிணையமா என்று பிரிக்க லூகாஸ் சோதனை உண்டு. நீரற்ற துத்தநாகக் குளோரைடைச் செறிவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துச் சேர்த்தால், மூவிணையம் உடனே கலங்கும், ஈரிணையம் சில நிமிடங்களில் கலங்கும், ஓரிணையம் அறை வெப்பநிலையில் தெளிவாகவே இருக்கும். இதில் நடப்பது ஆக்சிஜனேற்றம் அல்ல. ஓ.எச். போய் அந்த இடத்துக்குக் குளோரின் வருகிறது.

இனித் தேர்விலும் தொழிலிலும் முக்கியமான ஒரு கேள்வி. ஓரிணைய ஆல்கஹாலை ஆல்டிஹைடில் நிறுத்துவது எப்படி? ஒரு வழி, அது உண்டானவுடனே பாத்திரத்தை விட்டு வெளியேற்றிவிடுவது. எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில், அசிட்டால்டிஹைடு கொதிப்பது 21 டிகிரியில். ஆக, உண்டாகும் ஆல்டிஹைடு சூட்டில் உடனே ஆவியாகி மேலே போகும். அதைக் குளிரவைத்து வேறு பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளலாம். அமிலம்தான் வேண்டும் என்றால் ஆவியை மறுபடி அதே குடுவைக்குள் விழும்படி மேலே குளிர்விப்பானைச் செங்குத்தாக நிறுத்திக் கொதிக்கவைக்க வேண்டும். பொருளும் ஒன்று, ஆக்சிஜனேற்றியும் ஒன்று. கண்ணாடிக் கருவியை எப்படி நிறுத்தினோம் என்பதில் விளைபொருளே மாறிவிடுகிறது.

இன்னொரு வழி, தண்ணீரை எடுத்துவிடுவது. இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் மறக்காது. ஆல்டிஹைடு நேராக அமிலம் ஆவதில்லை. முதலில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு, ஒரே கார்பனில் இரண்டு ஓ.எச். உள்ள ஒரு தற்காலிக வடிவம் எடுக்கிறது. அந்தக் கார்பனில் இன்னும் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது அல்லவா? பழைய கதையே மறுபடி நடக்கிறது: ஓ.எச்.-இலிருந்து ஒரு ஹைட்ரஜன், கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன், அமிலம் தயார். தண்ணீரே இல்லாவிட்டால் இந்த இடைப்படி உண்டாகாது. 1975-இல் ஈ. ஜே. கோரியும் வில்லியம் சக்ஸும் அறிமுகப்படுத்திய பிரிடினியம் குளோரோகுரோமேட் இந்த வகையில் பேர் பெற்றது. நீரற்ற டைகுளோரோமீத்தேனில் இதைப் பயன்படுத்தினால் ஆல்டிஹைடோடு நின்றுவிடும். கோரிக்கு 1990-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, கரிமச் சேர்மங்களைத் தொகுக்கும் முறைகளுக்காக. ஜெரானியாலை இப்படி ஆல்டிஹைடில் நிறுத்தினால் சிட்ரால் கிடைக்கும். ரோஜா மணம் போய் எலுமிச்சைப் புல்லின் மணம் வரும்.

குரோமியத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதன் ஆபத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. ஆறு என்ற எண்ணில் இருக்கும் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து நிலத்தடி நீரில் அது கசிந்ததை அந்தப் பகுதி மக்கள் பல்லாண்டுகளாக அனுபவித்து வருகிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் சோதனை முடிந்த டைகுரோமேட் கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடுவது தவறு, தனிப் புட்டியில் சேர்த்துவைக்க வேண்டும். இன்று ஆய்வகங்கள் முடிந்தவரை குரோமியத்தைத் தவிர்க்கின்றன. ஈரிணைய ஆல்கஹாலைக் கீட்டோனாக்க, துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டே போதும். தொழிற்சாலைகளிலோ மெத்தனால் ஆவியைக் காற்றோடு சேர்த்துச் சூடான வெள்ளி வினையூக்கியின் மேல் செலுத்தி ஃபார்மால்டிஹைடு எடுக்கிறார்கள்.

ஆரஞ்சு பச்சையாகும் அந்த நிறமாற்றம் ஒரு காலத்தில் சாலையிலும் வேலை செய்தது. 1954-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் உருவாக்கிய மூச்சுச் சோதனைக் கருவியில், ஓட்டுநர் ஊதும் மூச்சு டைகுரோமேட் கரைசலுக்குள் போகும். மூச்சில் எத்தனால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிறம் குறையும், அதை ஒளி உணரும் கருவி அளந்து சொல்லும். இன்றைய கருவிகள் பலவற்றில் பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் அசிட்டிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அப்போது உண்டாகும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம்.

இதே ஏணி நம் கல்லீரலிலும் இருக்கிறது. அங்கே ஆக்சிஜனேற்றி ஒரு நொதி, பெயர் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ். ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எடுப்பது என்று அந்தப் பெயரே சொல்கிறது. குடித்த எத்தனாலை அது அசிட்டால்டிஹைடாக்குகிறது. அடுத்த நொதி அதை அசிட்டிக் அமிலமாக்குகிறது, அதை உடல் எரித்துக்கொள்ளும். நடுவில் வரும் அசிட்டால்டிஹைடு நஞ்சு. நீண்ட நாள் குடிப்பவர்களின் உடலைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மெத்தனால் போனாலும் இதே நொதிகள்தான் வேலை செய்கின்றன. எத்தனாலைவிட ஒரே ஒரு கார்பன் குறைவு. நிறம் இல்லை, நாக்குக்கும் மூக்குக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஏணியில் ஏறும்போது அது முதலில் ஃபார்மால்டிஹைடு ஆகிறது, பிறகு ஃபார்மிக் அமிலம் ஆகிறது. எறும்பின் கடியில் இருக்கும் அமிலம்தான். உடல் அதை மிக மெதுவாகத்தான் அப்புறப்படுத்தும், அதற்குள் ரத்தத்தில் தேங்கிவிடும். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் அது தடுக்கும், முதலில் அடிபடுவது பார்வை நரம்பு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது இதுதான். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பார்வை இழந்தவர்களும் உண்டு. செய்தியில் அதைக் கேட்ட வாரம் வகுப்பில் இந்தப் பாடத்தை என்னால் வழக்கம்போல நடத்த முடியவில்லை. மெத்தனால் தன்னளவில் உடனே கொல்வதில்லை. குடித்துப் பல மணி நேரம் கழித்து, சில நேரம் ஒரு நாள் ஆனபிறகுதான் கண் மங்கலும் மூச்சுத் திணறலும் வரும். ஆக்சிஜனேற்றம் நடந்து அமிலம் சேர அவ்வளவு நேரம் எடுக்கிறது. ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் படுத்திருப்பவர்கள் அந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள். கலப்படச் சாராயம் என்ற சந்தேகம் வந்தாலே, உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே ஃபோமெபிசோல் என்ற மருந்து கொடுத்து அந்த முதல் நொதியையே தடுப்பார்கள். அது இல்லாத இடத்தில் அளந்து எத்தனால் கொடுப்பதும் உண்டு. நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும், அந்த நேரத்துக்குள் மெத்தனாலை டயாலிசிஸ் மூலம் வெளியேற்றிவிடலாம். ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே மருத்துவர் செய்ய வேண்டிய வேலை இது, வீட்டில் செய்யக் கூடியது அல்ல.

கண்ணை அழிப்பது ஓர் ஆல்கஹாலின் ஆக்சிஜனேற்றம் என்றால், கண்ணைப் பார்க்கவைப்பதும் ஓர் ஆல்கஹாலின் ஆக்சிஜனேற்றம்தான். வைட்டமின் ஏ-யின் வேதிப்பெயர் ரெட்டினால், ஓர் ஓரிணைய ஆல்கஹால். முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினிலிருந்து உடல் இதைத் தயாரித்துக்கொள்ளும். விழித்திரையில் இதன் ஓ.எச். ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆல்டிஹைடாகிறது. ஒளி பட்டதும் வடிவம் மாறி மூளைக்குச் சேதி போகக் காரணமாவது அந்த ஆல்டிஹைடுதான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால். அடுத்த படியான ரெட்டினாயிக் அமிலமும் உடலுக்குத் தேவை, ஆனால் பார்வைக்கு அது உதவாது. அதற்கு ஆல்டிஹைடில் நின்றாக வேண்டும்.

கடைசியாக நீங்களே செய்துபார்க்க ஒன்று: கிளிசரின். மூன்று கார்பன் வரிசை, ஒவ்வொன்றிலும் ஓர் ஓ.எச். எனவே பெயர் புரப்பேன்-1,2,3-ட்ரையால். விரலை ஒவ்வொரு கார்பனிலும் வைத்துப் பாருங்கள். ஓரத்து இரண்டும் ஓரிணையம், நடுவில் இருப்பது ஈரிணையம். ஓரத்து ஓ.எச். ஒன்றை ஒரு படி ஆக்சிஜனேற்றினால் கிளிசரால்டிஹைடு என்ற ஆல்டிஹைடு கிடைக்கும். நடுவில் உள்ளதை மட்டும் ஆக்சிஜனேற்றினால் கீட்டோன் கிடைக்கும், அதன் பெயர் 1,3-டைஹைட்ராக்சிபுரப்பனோன். மிச்சமிருக்கும் இரண்டு ஓ.எச்.-களும் அங்கேயேதான் இருக்கின்றன. கீட்டோன் வந்துவிட்டதால் பெயரின் வாலிலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்துவிட்டன.